நீண்ட துஹ்ரு: ஃபிக்ஹும் மருத்துவமும் சந்தித்த ஓர் இடம்

தலாக் பெற்ற பெண்ணின் காத்திருப்புக் காலமாகிய இத்தாவைத் திருமறை இரண்டு இடங்களில் வரையறுக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 228ஆம் வசனம், மாதவிடாய் காணும் பெண்ணுக்கு மூன்று ‘குரூஉ’ என்கிறது. இச்சொல் மூன்று ஹைளுகளைக் குறிக்கும் என்பது ஹனஃபீ அறிஞர்களின் கருத்து. ஹைளுகளுக்கு இடைப்பட்ட மூன்று துஹ்ருகளை, அதாவது தூய்மைக் காலங்களைக் குறிக்கும் என்பது ஷாஃபிஈ அறிஞர்களின் கருத்து. அத்தலாக் அத்தியாயத்தின் 4ஆம் வசனம், மாதவிடாயின் மீது நம்பிக்கையற்றுப் போன பெண்களுக்கு மூன்று மாதங்கள் என்றும், கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை என்றும் விதிக்கிறது.

இவ்விரு வசனங்களுக்கும் இடையே ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்கு வயது இருபத்தைந்து. கர்ப்பமில்லை. முதுமையும் இல்லை. ஆயினும் அவளுக்கு மாதவிடாய் ஐந்தாறு மாதங்களுக்கு ஒருமுறையே வருகிறது. அல்லது ஒருமுறை வந்து, பின் காரணம் தெரியாமல் நின்றுவிட்டது. மாதங்களைக் கணக்கிடலாம் என்றால் அவள் ‘நம்பிக்கையற்றவள்’ அல்லள். ஹைளுகளைக் கணக்கிடலாம் என்றாலோ அவை வருவதில்லை. சட்ட நூல்கள் இவளை ‘மும்தத்தத்துத் துஹ்ரு’, அதாவது துஹ்ரு நீண்டுவிட்டவள் என்று அழைக்கின்றன. இன்றைய மகப்பேற்று மருத்துவரின் அறையில் அன்றாடம் வந்து அமரும் பெண்ணும் இவளே. இவளைப் பற்றி நம் முன்னோர்கள் என்ன கேட்டார்கள், எவ்வாறு விடை கண்டார்கள் என்பதை நோக்குவது, நம் வீடுகளில் இன்று நிலவும் சில மௌனங்களைக் கலைக்க உதவும்.

மதீனாவில் இத்தகைய மௌனம் இருக்கவில்லை. மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு அன்சாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. உதிரப்போக்கு நிற்காமல் தொடர்ந்த பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி), ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) ஆகியோர் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து வினவினர். அளவுக்கு மிஞ்சி வருவது பற்றிய கேள்விகள் அவை. வராமல் நின்றுபோவது பற்றிய கேள்வி, கலீஃபாக்களின் காலத்தில் வழக்காக வந்து நின்றது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’ அத்தகைய ஒரு வழக்கைப் பாதுகாத்து வைத்துள்ளது. ஹப்பான் என்ற நபித்தோழருக்கு இரு மனைவியர். ஒருவர் ஹாஷிம் குலத்தவர், மற்றவர் அன்சாரிப் பெண். அன்சாரி மனைவி பாலூட்டிக் கொண்டிருந்தபோது ஹப்பான் அவரைத் தலாக் சொன்னார். ஓராண்டு கடந்தது. அதன்பின் ஹப்பான் இறந்துபோனார். அப்பெண்ணோ, ‘எனக்கு இன்னும் ஹைளே வரவில்லை, ஆகவே என் இத்தா முடியவில்லை, அவருடைய சொத்தில் எனக்குப் பங்குண்டு’ என்று உரிமை கோரினார். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் சென்றது. பங்குண்டு என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஹாஷிம் குலத்து மனைவி மனம் வருந்தியபோது, இந்த ஆலோசனையைக் கூறியவர் உம் சிறிய தந்தையின் மகனே என்று அலீ (ரலி) அவர்களைச் சுட்டிக்காட்டினார்கள்.

கூஃபாவில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மாணவர் அல்கமா தம் மனைவியைத் தலாக் சொன்னார். அப்பெண்ணுக்கு ஓரிரு ஹைளு வந்தபின் பதினேழு அல்லது பதினெட்டு மாதங்கள் நின்றுபோயிற்று. அந்நிலையில் அவர் மரணமடைந்தார். இத்தா முடியவில்லை என்பதால், இங்கே கணவருக்கே மனைவியின் சொத்தில் பங்குண்டு என்று இப்னு மஸ்ஊத் (ரலி) விடையளித்தார்கள். ஆக, ஒரு பெண்ணின் மாதவிடாய் தாமதமாவது அவளுடைய உடல் நலத்தோடு நின்றுவிடவில்லை. வாரிசுரிமை, ஜீவனாம்சம், மறுமணம் ஆகிய மூன்றும் அதில் தொங்கி நின்றன.

இவ்வழக்குகளில் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. ‘எனக்கு வரவில்லை’ என்ற பெண்ணின் சொல்லே சான்றாக ஏற்கப்பட்டது. அல்பகரா அத்தியாயத்தின் அதே 228ஆம் வசனம், கருப்பையில் உள்ளதை மறைக்கலாகாது என்று பெண்ணுக்குக் கட்டளையிடுவதிலிருந்து, அவ்விஷயத்தில் அவளே நம்பிக்கைக்குரியவள் என்ற விதியை அறிஞர்கள் எடுத்தனர்.

காத்திருப்புக்கு ஓர் எல்லை வகுத்தவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். தலாக் பெற்ற பெண்ணுக்கு ஓரிரு ஹைளு வந்து பின் நின்றுபோனால், அவள் ஒன்பது மாதங்கள் காத்திருக்கட்டும். அதற்குள் கர்ப்பம் வெளிப்பட்டால் அதன் சட்டப்படி நடக்கட்டும். இல்லையெனில் மேலும் மூன்று மாதங்கள் இத்தா இருந்து விடுபடட்டும் என்பது அவர்களின் தீர்ப்பு. ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) வழியாக இதுவும் ‘முவத்தா’வில் வந்துள்ளது. ஒன்பது மாதம் என்பது கர்ப்பத்தின் வழக்கமான காலம். மூன்று மாதம் என்பது நம்பிக்கையற்றவளின் இத்தா. இரண்டும் சேர்ந்து ஓராண்டு. மாலிக் மத்ஹபும், நின்றதற்குக் காரணம் தெரியாதபோது ஹன்பலீ மத்ஹபும் இதையே பின்பற்றின.

ஹனஃபீ அறிஞர்களும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் பிற்காலக் கருத்திலும், வசனத்தின் வெளிப்படையான சொல்லைப் பற்றி நின்றனர். அவள் ஹைளுக்குரியவள், ஆகவே ஹைளு மீளும் வரை, அல்லது மாதவிடாய் முற்றிலும் நிற்கும் வயதை எட்டும் வரை காத்திருக்க வேண்டும் என்றனர். அந்த வயது ஹனஃபீ மத்ஹபில் ஐம்பத்தைந்து. ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்துப்படி அறுபத்திரண்டு. தமிழகத்தில் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீ மத்ஹபும் மிகுதி. எனவே இவ்விவாதம் தொலைவான ஒன்றன்று. நம் இரு சாராரின் வீடுகளையும் தொடுகிறது.

சட்ட அறிஞர்கள் இவ்வரையறைகளை ஏட்டைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. ஹைளின் குறைந்தபட்சம் ஒரு பகலும் ஓர் இரவும், அதிகபட்சம் பதினைந்து நாட்கள், இரு ஹைளுகளுக்கு இடைப்பட்ட துஹ்ரின் குறைந்தபட்சம் பதினைந்து நாட்கள் என்ற ஷாஃபிஈ வரையறைகள், பெண்களிடம் விசாரித்து அறிந்த அனுபவத்தின் மேல் எழுந்தவை. துஹ்ரின் அதிகபட்சத்துக்கோ எல்லையே இல்லை என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டனர்.

இதற்கு இமாம் நவவீ (ஹிஜ்ரி 631–676) தம் ‘அல்மஜ்மூஉ’வில் எடுத்துக்காட்டும் செய்தி வியப்புக்குரியது. பக்தாதின் கர்க் பகுதியில் காழியாக விளங்கிய அபுத்தய்யிப் அத்தபரீ (மறைவு ஹிஜ்ரி 450 / கி.பி. 1058) அவர்களிடம் ஒரு பெண் தம் சகோதரியைப் பற்றிக் கூறினார். அச்சகோதரிக்கு ஆண்டுக்கு ஒரே ஒருமுறை, ஒரு பகலும் ஓர் இரவும் மட்டுமே மாதவிடாய் வந்தது. ஆயினும் அவர் ஆரோக்கியமாக இருந்தார், கருவுற்றார், குழந்தை பெற்றார், அவருடைய பிரசவத்தீட்டு நாற்பது நாட்கள் நீடித்தது. பெயர் தெரியாத அப்பெண்ணின் உடலியல்பை ஒரு நீதிபதி கேட்டுப் பதிந்துவைத்தார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் டமாஸ்கஸின் பேரறிஞர் அதைச் சட்ட நூலில் எழுதினார். அரிதாக வருவது தன்னளவில் குற்றமுமன்று, மலட்டுத்தன்மையின் முத்திரையுமன்று என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுவதில்லை.

காழி அபுத்தய்யிப் பக்தாதில் இருந்த அதே காலத்தில், ஈரானிய நகரங்களில் இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலை எழுதிக்கொண்டிருந்தார். அதன் மூன்றாம் நூலில் கருப்பை நோய்கள் பற்றிய பகுதியில் ‘இஹ்திபாசுத் தம்ஸ்’, அதாவது மாதவிடாய் அடைபடுதலும் குறைதலும் ஆராயப்படுகின்றன. அவருடைய முறை, முதலில் காரணங்களைப் பிரித்தறிவது. குறை உதிரத்தில் உள்ளதா, கருப்பையில் உள்ளதா, உடலின் இயக்க ஆற்றலில் உள்ளதா என்று வகுக்கிறார். உணவுக் குறைவும் கடும் உழைப்பும் உதிரத்தைக் குறைக்கும். உடற்பருமன் அதன் வழியை நெருக்கும். நான்காம் நூலில் மிகைப் பருமனின் தீமைகளைக் கூறும்போது, அத்தகைய பெண்கள் கருவுறுதல் கடினம் என்றும், கருவுற்றாலும் கரு தங்குவது அரிது என்றும் எழுதுகிறார்.

உடல் எடைக்கும் மாதவிடாய்க்கும் உள்ள இத்தொடர்பு இப்னு சீனாவுக்கும் முந்தியது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் ‘காற்றுகளும் நீர்களும் இடங்களும்’ என்ற நூல், கருங்கடலின் வடக்கே வாழ்ந்த சித்தியர் இனப் பெண்களைப் பற்றிப் பேசுகிறது. உடல் பருத்து, உழைப்பின்றி இருந்த அப்பெண்களுக்கு மாதவிடாய் குறைவாகவும் நெடும் இடைவெளியிலும் வந்தது. அவர்களுடைய அடிமைப் பெண்களோ உழைப்பால் மெலிந்திருந்தமையின் எளிதில் கருவுற்றனர் என்பது அதன் கூற்று. ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (மறைவு 873) அவருடைய வட்டத்தினரும் செய்த மொழிபெயர்ப்புப் பணியால் ஹிப்போகிரட்டீஸின் மருத்துவம் அரபியில் வேர்கொண்டது. பிற்காலத்தில் ‘அல்கானூன்’ இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாயிற்று.

அக்கால மருத்துவர்கள் மாதவிடாயை வரவழைக்கும் மருந்துகளையும் அறிந்திருந்தனர். சதாப்பிலை, வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, காட்டுப் புதினா போன்றவை அவற்றுள் அடங்கும். கணுக்காலின் ஸாஃபின் நரம்பில் குருதி வாங்குவதும் ஒரு சிகிச்சை. ஆனால் இவற்றுள் சில கருவைக் கலைக்கவும் வல்லவை. ஆதலால் மருந்து கொடுக்கும் முன் கர்ப்பம் இல்லையென்று உறுதிசெய்தாக வேண்டியிருந்தது. மாத்திரைக்கு முன் விசாரணை என்ற இந்த ஒழுங்கு இன்றும் மாறவில்லை.

மருந்து பற்றிய கேள்வி ஃபிக்ஹுக்கும் புதிதன்று. உதிரப்போக்கு நீண்டுவிட்ட ஒரு பெண் அதை நிறுத்த மருந்து குடிக்கலாமா என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் வினவப்பட்டது. அதில் தவறு காணாத அவர்கள், அராக் மரத்தின் நீரை அதற்கு மருந்தாகவும் கூறினார்கள் என்று ‘முஸன்னஃப் அப்திர் ரஸ்ஸாக்’ அறிவிக்கிறது. அறியப்பட்ட மருந்தாக இருப்பின் மாதவிடாயை நிறுத்த அருந்துவதில் தவறில்லை என்ற இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்தை இப்னு குதாமா (மறைவு ஹிஜ்ரி 620) ‘அல்முக்னீ’யில் பதிந்துள்ளார். ‘அறியப்பட்ட மருந்து’ என்ற நிபந்தனை சிந்தனைக்குரியது. வரவழைக்கும் மருந்து பற்றியும் ஹனஃபீ நூல்கள் பேசுகின்றன. பாலூட்டும் ஒரு பெண் ஹைளு வராததால் சிகிச்சை செய்துகொண்டு, ஹைளுக்குரிய நாட்களில் மஞ்சள் நிறக் கசிவைக் கண்டால், அது ஹைளே என்றும் அதனால் இத்தா கழியும் என்றும் அவை கூறுகின்றன. மாத்திரையால் வரவழைக்கப்படும் உதிரத்தைப் பற்றி இன்று முஃப்தீகளிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இதுவே தொடக்கப் புள்ளி.

சட்டமும் மருத்துவமும் ஒரே மனிதரிடம் சந்தித்த இடம் குர்துபா. இப்னு ருஷ்து (மறைவு ஹிஜ்ரி 595 / கி.பி. 1198) அந்நகரின் காழி, ‘அல்குல்லிய்யாத்’ என்ற மருத்துவ நூலின் ஆசிரியர். தம் ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ நூலில் ஹைளின் கால வரையறைகளை ஆராய்ந்த அவர், இக்கருத்து வேறுபாடுகளுக்கெல்லாம் அனுபவமும் வழக்கமுமே ஆதாரம் என்று வெளிப்படையாக எழுதினார். துஹ்ரு நீண்ட பெண் முதுமை வரை காத்திருக்க வேண்டும் என்ற பெரும்பான்மைக் கருத்தில் சிரமமும் நெருக்கடியும் இருப்பதைச் சுட்டிய அவர், அவளுக்கு மூன்று மாதமே இத்தா என்று கூறப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்றும் கருதினார். பெண்ணின் உடலை அறிந்த ஒரு சட்ட அறிஞரின் குரலாக இதைக் கொள்ளலாம்.

அக்குரல் தனித்து ஒலிக்கவில்லை. ஹனஃபீ அறிஞர் அல்பஸ்ஸாஸீ (மறைவு ஹிஜ்ரி 827), தம் காலத்தில் ஃபத்வா இமாம் மாலிக்கின் கருத்தின் மீதே என்று எழுதினார். டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (1198–1252 ஹிஜ்ரி) நிர்ப்பந்தத்தின்போது அதை மேற்கொள்ளும் வழியை விளக்கினார். எகிப்தில் 1929ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டம், தலாக் நாளிலிருந்து ஓராண்டுக்கு மேற்பட்ட இத்தா ஜீவனாம்ச வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்று விதித்தது. பெண்ணின் சொல்லே சான்று என்ற நிலையில் காத்திருப்பு எல்லையற்று நீண்டால் கணவனும் பாதிக்கப்படுவான். உமர் (ரலி) அவர்கள் வகுத்த அதே ஓராண்டு, பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இரு தரப்புக்கும் நீதியான எல்லையாக மீண்டும் வந்தது.

இன்றைய மருத்துவம் இவ்வரலாற்றில் சேர்த்தது யாது? முன்னோர் கண்ட தொடர்புகளுக்கு அது சரியான காரணத்தைத் தந்தது. வளர்ந்த பெண்ணுக்கு மாதவிடாய்ச் சுழற்சி பொதுவாக 21 முதல் 35 நாட்கள். 35 நாட்களைக் கடந்து வழக்கமாகவே தாமதமாவதை அரிதான மாதவிடாய் என்கிறோம். பருமன் கருப்பையின் வழியை நெருக்குகிறது என்ற பழைய விளக்கம் இன்று நிற்காது. கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜன் சுரப்பை மிகுவிக்கிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது சினைப்பையில் ஆண்தன்மைச் சுரப்புகள் பெருகுகின்றன. அதனால் சினைமுட்டை உரிய காலத்தில் வெளிப்படுவதில்லை. சிகாகோவில் ஸ்டைன், லெவன்தால் என்ற மருத்துவர்கள் ஏழு பெண்களை ஆராய்ந்து 1935இல் விவரித்த சினைப்பைக் கோளாறு இத்தகையது, பி.சி.ஓ.எஸ். என்று இன்று பலரும் அறிந்தது. கருவுறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் பருமனாக உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீர்படுகிறது. மெலிந்த பெண்களுக்கும் இக்கோளாறு வருவதுண்டு.

எடையின் மறுமுனையையும் இப்னு சீனா சரியாகவே கண்டிருந்தார். உணவு குறைந்து, உடற்பயிற்சி மிகுந்து, எடை வெகுவாகச் சரிந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சினைப்பையை இயக்க விடுக்கும் அழைப்பை நிறுத்திவிடுகிறது. தைராய்டு சுரப்பியின் கோளாறும் ஒரு காரணம்.

மருந்துகளின் பங்கோ முன்னோர் அறியாத அளவு பெருகிவிட்டது. மனநோய்க்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளும், வாந்தியைத் தணிக்கும் டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு ஆகியவையும் புரோலாக்டின் என்ற சுரப்பை உயர்த்துகின்றன. பாலூட்டும் தாய்க்கு மாதவிடாயைத் தாமதப்படுத்துவதும் இதே சுரப்புதான். ஹப்பானின் மனைவிக்கு இயற்கை செய்ததை இன்று ஒரு மாத்திரை செய்துவிடுகிறது. வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோவேட் எடையைக் கூட்டுவதோடு சினைப்பைக் கோளாற்றையும் தூண்டக்கூடும். ஓலன்ஸபின் போன்றவை எடையை ஏற்றி, அவ்வழியே சுழற்சியைக் குலைக்கலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் கருத்தடை ஊசியால் மாதவிடாய் நின்றுபோவது இயல்பு. இவற்றில் எதையும் மருத்துவரைக் கேளாமல் தாமாக நிறுத்துவது பேராபத்து. வலிப்பு மருந்தை அவ்வாறு நிறுத்தினால் உயிருக்கே கேடு வரலாம். அதேபோல் மாதக்கணக்கில் வராமலிருப்பதைப் பொருட்படுத்தாமல் விடுவதும் சரியன்று. சினைமுட்டை வெளிப்படாத நிலை நீடித்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். மூன்று மாதங்கள் தொடர்ந்து வரவில்லையெனில் மருத்துவரை அணுகுவதே முறை.

இனி நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் தாமதமானால் முதலில் எழுவது சந்தேகம். பிறகு, பிள்ளை பிறக்குமா என்ற ஏளனம். அதன்பின், யாரோ சொன்ன மாத்திரை. அவள் என்ன மருந்து உட்கொள்கிறாள், எடை எவ்வளவு கூடியது, அவளுடைய வழக்கம் என்ன என்று கேட்பார் இல்லை. மணவிலக்கு வழக்குகளிலோ, இத்தாவை மூன்று மாதம் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடும் போக்கு உண்டு. மாதவிடாய் காணும் வயதுப் பெண்ணுக்கு அது சட்டமன்று. காத்திருப்பு நீண்டு துன்புறும் பெண்ணுக்கு மார்க்கத்தில் ஓராண்டு எல்லை உண்டு என்பதை எடுத்துச் சொல்வாரும் அரிது.

நின்றதற்குக் காரணம் தெரிந்ததா, தெரியாததா என்று சட்ட அறிஞர்கள் பிரித்தார்கள். அந்தக் காரணத்தை இன்று ஓர் இரத்தப் பரிசோதனையும் ஒரு மருந்துச் சீட்டும் பெரும்பாலும் சொல்லிவிடுகின்றன. நீக்கக்கூடிய காரணமாயின், நோயும் தீரும்; ஹைளு மீண்டு இத்தாவும் தன் இயல்பில் கழியும். எனவே இத்தகைய வினா வரும்போது, ஜமாஅத்தின் ஆலிம்கள் தீர்ப்புக்கு முன் மருத்துவரின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவது முன்னோர் வழிக்கு உகந்ததே. தாய்மார்கள் தம் பெண்மக்களின் மாதவிடாய் நாட்களைக் குறித்துவைக்கப் பழக்குவதும் அத்தகையதே. வழக்கத்தை அறிந்திருத்தல் ஃபிக்ஹின் தேவை. மருத்துவரின் முதல் கேள்வியும் அதுவே. அபுத்தய்யிபிடம் தம் சகோதரியைப் பற்றிப் பேசிய அந்தப் பெண்ணைப் போல நம் பெண்கள் தயங்காமல் பேசவும், அவரைப் போலப் பொறுமையுடன் கேட்டுக்கொள்ளவும் நம்மிடையே ஆட்கள் வேண்டும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.